கேக்டை, ஸ்மோக்பிங்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் சில குறிப்புகள்

நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புகார் சொன்னால், நான் முதலில் கேட்பது "எப்போதிலிருந்து?" என்றுதான். பெரும்பாலும் அதற்குச் சரியான பதில் வராது. அந்தப் பதிலுக்காகத்தான் கேக்டையையும் ஸ்மோக்பிங்கையும் பல ஆண்டுகளாக ஓடவிட்டு வருகிறேன். இரண்டுமே நெட்வொர்க்கைக் கண்காணித்துக் கிராஃப் வரையும் திறமூல மென்பொருள்கள். இரண்டுக்கும் வயதாகிவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் நம்பி வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. நிறுவுவது பெரிய வேலை இல்லை. எந்தத் தரவை, எவ்வளவு நுணுக்கமாக, எவ்வளவு காலம் சேமிப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. சேமிக்காமல் விட்டதைப் பிறகு எந்தக் கிராஃபாலும் காட்ட முடியாது.

இரண்டின் அடியிலும் இருப்பது, அளவீடுகளைக் கோப்பில் சேமித்துக் கிராஃப் வரையும் ஆர்ஆர்டி டூல். 1995-இல் எம்ஆர்டிஜி என்ற டிராஃபிக் கிராஃப் மென்பொருளை எழுதிய டோபியாஸ் ஓட்டிக்கர், அதன் வேகக் குறையைச் சரிசெய்ய எழுதியது இது. 1999-இல் முதல் பதிப்பு வந்தது. ஸ்மோக்பிங்கும் அவருடையதுதான். கேக்டையை 2001-இல் தொடங்கியவர் இயன் பெர்ரி. கேக்டை ரவுட்டர்களையும் ஸ்விட்ச்களையும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் அவற்றின் நிலவரத்தைக் கேட்கும் நெறிமுறை) வழியாகக் கேட்டு, ஒவ்வொரு போர்ட்டிலும் எவ்வளவு டிராஃபிக் போகிறது என்று வரைகிறது. ஸ்மோக்பிங் அதைப் பற்றிக் கவலைப்படாது. பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, வழியில் எத்தனை தொலைகின்றன என்பதை மட்டும் பார்க்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டால் பாதிப் படம்தான் கிடைக்கும்.

நிறுவும் படிகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. லினக்ஸ், வெப் சர்வர், பிஎச்பி, மரியாடிபி தரவுத்தளம், ஆர்ஆர்டி டூல், எஸ்என்எம்பி கருவிகள் இருந்தால் கேக்டையின் நிறுவல் பக்கமே என்ன குறைகிறது என்று சொல்லிவிடும். சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று நேர மண்டலம். பிஎச்பியிலும் தரவுத்தளத்திலும் ஒரே மண்டலம் இருக்க வேண்டும், மரியாடிபியில் நேர மண்டல அட்டவணைகளை ஏற்றியிருக்கவும் வேண்டும். இன்னொன்று கோப்பு உரிமை. குறித்த இடைவெளியில் தரவைக் கேட்டு எடுக்கும் போலர் நிரலை ரூட் பயனராக ஒருமுறை ஓடவிட்டால் ஆர்ஆர்டி கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகிவிடும். அப்புறம் வழக்கமான பயனரால் அதில் எழுத முடியாது, கிராஃப் காலியாகவே நிற்கும். கிராஃப் காலியாக இருந்தால் எஸ்என்எம்பியைச் சந்தேகிக்கும் முன் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

எஸ்என்எம்பியில் கவனிக்க வேண்டியது கவுன்ட்டரின் அளவு. போர்ட்டில் போகும் பைட்டுகளைப் பழைய முறையில் 32 பிட் கவுன்ட்டர் எண்ணுகிறது. அது 4,294,967,295 வரை போய், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் இந்தச் சுற்று முடிய ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும், அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் சமாளிக்கலாம். 1 ஜிகாபிட்டில் அதே சுற்று சுமார் 34 வினாடியில் முடிந்துவிடும். இரண்டு கேள்விகளுக்கு நடுவே கவுன்ட்டர் பல முறை சுற்றிவிடும், ஆர்ஆர்டி டூலோ ஒரே ஒரு சுற்றைத்தான் கணக்கில் சேர்க்கும். விளைவு, லிங்க் நிரம்பி வழியும்போது கிராஃப் நிம்மதியாக ஏதோ ஒரு சின்ன எண்ணைக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. எனவே ஜிகாபிட் போர்ட்டுக்குக் கட்டாயம் 64 பிட் கவுன்ட்டர் உள்ள டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள். எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் 64 பிட் கிடையாது, 2சி அல்லது 3 வேண்டும்.

ரவுட்டர் மறுதொடக்கம் ஆனால் இதற்கு நேர்மாறான சிக்கல். கவுன்ட்டர் பூஜ்யத்துக்குப் போவதைச் சுற்று முடிந்ததாக எடுத்துக்கொண்டு, நடக்கவே நடக்காத ஒரு ராட்சத உச்சத்தை ஆர்ஆர்டி வரைந்துவிடும். அந்த ஒரு முள் இருந்தால் மற்ற எல்லாம் தரையோடு தரையாகிவிடும். தரவு மூலத்துக்கு லிங்கின் உண்மையான வேகத்தை உச்ச வரம்பாகக் கொடுத்துவிட்டால், அதைத் தாண்டும் மதிப்பு ஏற்றுக்கொள்ளப்படாது. கூடவே இன்டர்ஃபேஸ் எண்ணையும் நம்ப வேண்டாம். சில கருவிகளில் கார்டு மாற்றினாலோ மறுதொடக்கம் செய்தாலோ அது மாறிவிடும், கிராஃப் வேறொரு போர்ட்டைக் காட்டத் தொடங்கும். போர்ட்டின் பெயரை வைத்து அடையாளம் காணும்படி அமைத்துவிட்டு, ரவுட்டரிலேயே ஒவ்வொரு போர்ட்டுக்கும் விளக்கம் எழுதி வையுங்கள்.

இப்போது சராசரிக்கு வருகிறேன். இந்தக் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவாகப் பேசுவதும், மிக அதிகமாகப் பேச வேண்டியதும் இதுதான்.

ஆர்ஆர்டி கோப்பு உருவாகும்போதே அதன் அளவு முடிவாகிவிடுகிறது. எத்தனை ஆண்டு ஓடினாலும் வட்டு நிறையாது, இது பெரிய வசதி. அதற்குக் கொடுக்கும் விலை, தரவு பழையதாக ஆக ஆக அது சுருக்கப்படுவது. கேக்டையின் வழக்கமான அமைப்பில் தினசரிக் கிராஃப் ஐந்து நிமிடச் சராசரி, வாரத்துக்கு அரை மணி, மாதத்துக்கு இரண்டு மணி, ஆண்டுக்கு ஒரு நாள். முதல் படியிலேயே இழப்பு தொடங்குகிறது. 1 ஜிகாபிட் லிங்கில் அரை நிமிடம் 900 மெகாபிட் ஓடி, மீதி நேரம் சும்மா இருந்தால் ஐந்து நிமிடச் சராசரி 90 மெகாபிட்தான். ஆண்டுக் கிராஃபில் அது கண்ணுக்கே தெரியாது. அதைக் காட்டி லிங்க் போதும் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு தவறாகவே போகும்.

அதனால் சராசரியோடு உச்ச மதிப்பையும் எல்லா அடுக்கிலும் சேமிக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேமிப்பதும் ஐந்து நிமிடச் சராசரிகளில் பெரியதைத்தானே தவிர நொடிப் பொழுதின் உச்சத்தை அல்ல, என்றாலும் ஆண்டுக் கிராஃபில் அது தரும் வேறுபாடு மிகப் பெரியது. முக்கியமான லிங்க்களுக்கு ஒரு நிமிட இடைவெளி நல்லது. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் இடைவெளியைப் பிறகு எளிதாக மாற்ற வழியில்லை, பெரும்பாலும் புதிய கோப்பில் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஸ்மோக்பிங் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 பிங் (பதில் கேட்கும் சின்னப் பாக்கெட்) அனுப்புகிறது. நடுமதிப்பை ஒரு கோடாக வரைந்து, மற்றவை எவ்வளவு சிதறின என்பதை அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகையாகக் காட்டுகிறது. கோட்டின் நிறம் இழப்பைச் சொல்கிறது. இழப்பு இல்லையென்றால் பச்சை, அது கூடக் கூட நீலம், ஊதா என்று போய்ச் சிவப்பில் முடியும். இவ்வளவு செறிவான தகவலை இவ்வளவு சின்ன இடத்தில் சொல்லும் வேறு கிராஃபை நான் பார்த்ததில்லை. எனக்கு இதன்மேல் தனிப் பிரியமே உண்டு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பலன். புகை தடிக்கும் அதே நேரத்தில் கேக்டையில் அப்லோட் கோடு மேலே தட்டையாக நின்றால், நம் லிங்க்தான் நிரம்பியிருக்கிறது. பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கின்றன, அதற்கு வரிசை மேலாண்மைதான் மருந்து. லிங்க் பாதிகூட நிரம்பாதபோது தினமும் அதே நேரத்தில் இழப்பு வந்தால், சிக்கல் நம் எல்லைக்கு வெளியே. ஒருமுறை இணையச் சேவை நிறுவனம் தங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. சில வாரங்களின் இரண்டு கிராஃப்களையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது, பிறகு அவர்களே ஓர் இணைப்பைச் சரிசெய்தார்கள்.

இலக்குகளைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். உங்கள் கேட்வே, சேவை நிறுவனத்தின் முதல் ரவுட்டர், தொலைவில் நீங்கள் உண்மையாகப் பயன்படுத்தும் ஒரு சர்வர் என மூன்று அடுக்காக வைத்தால் கோளாறு எந்தத் துண்டில் என்று பார்த்ததும் தெரியும். நடுவில் உள்ள ரவுட்டர்கள் தங்களுக்கு வரும் பிங்குக்குக் கடைசி முன்னுரிமைதான் தருகின்றன. அங்கே மட்டும் இழப்பு தெரிந்து, அதற்கு அப்பால் எல்லாம் சீராக இருந்தால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகள் நூற்றுக்கணக்கில் கூடினால் கேக்டையின் பிஎச்பி போலர் திணறும். அதற்காகவே சி மொழியில் எழுதிய ஸ்பைன் என்ற போலர் இருக்கிறது, மாற்றிவிட்டால் போலிங் நேரம் வெகுவாகக் குறையும். அதற்கும் மேல் போனால் வட்டுதான் தடை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன எழுத்துகள் ஒரே நேரத்தில் வரும். எஸ்எஸ்டியும், எழுதுவதைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும் பூஸ்ட் வசதியும் உதவும்.

பாதுகாப்பில் கேக்டை அலட்சியத்தைத் தாங்காது. சிவிஇ-2022-46169 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை வழியாக, உள்நுழையாமலே சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. 1.2.23 பதிப்பில் அது அடைக்கப்பட்டது. இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள், விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள், புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்என்எம்பி 2சியில் கடவுச்சொல் போலப் பயன்படும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறைகுறியாக்கம் இல்லாமல்தான் பயணிக்கிறது. கருவி ஏற்றுக்கொண்டால் 3-ஆம் பதிப்புதான் நல்லது.

இன்று புதிதாகத் தொடங்குபவர் லிப்ரெஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளையும் பார்க்கலாம். கருவிகளைத் தானே கண்டுபிடித்துச் சேர்ப்பதில் அது கேக்டையைவிட மிகவும் வசதி. சர்வர்களும் செயலிகளும் அதிகம் என்றால் அளவீடுகளைச் சேமிக்கும் புரோமிதியஸும் அவற்றைக் கிராஃபாகக் காட்டும் கிராஃபனாவும் பொருத்தம், ஆனால் புரோமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும், அதை நீங்கள்தான் கூட்ட வேண்டும். கேக்டையின் டெம்ப்ளேட் முறை கற்க நேரம் பிடிக்கும், தோற்றமும் பழையதுதான். நான் அதிலேயே இருப்பதற்குக் காரணம், பல ஆண்டுத் தரவை ஒரே திரையில் பார்க்க முடிவது.

சர்வரை மாற்றும்போது அந்தத் தரவைப் பத்திரமாக எடுத்துச் செல்ல ஒரு குறிப்பு. ஆர்ஆர்டி கோப்புகள் கணினியின் கட்டமைப்பைச் சார்ந்தவை, 32 பிட் கணினியிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே நகலெடுத்தால் திறக்காது. ஆர்ஆர்டி டூலின் டம்ப் கட்டளையால் எக்ஸ்எம்எல் ஆக்கி, புதிய இடத்தில் ரீஸ்டோர் செய்யுங்கள். கேக்டையின் தரவுத்தளத்தையும் அதே நேரத்தில் எடுத்துவிடுங்கள். எந்தக் கோப்பு எந்தப் போர்ட்டுக்கு உரியது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது.