சி டிரைவை நிரப்புவது எது: விண்டிர்ஸ்டாட்டில் தேடுவதா, விஸ்ட்ரீயில் தேடுவதா?

சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியதும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான். என் 256 ஜிபி மடிக்கணினியில் நானும் அதையே செய்தேன். ஆனால் 40 ஜிபியை விழுங்கியிருந்தது, ஆப்டேட்டா என்னும் மறைகோப்புறைக்குள் கிடந்த பழைய கைபேசியொன்றின் காப்புப் பிரதி. விண்டோஸின் ஸ்டோரேஜ் பக்கம் வகைவாரியாகக் கணக்குக் காட்டுமே தவிர, இப்படி இடத்தைச் சுட்டிக் காட்டுவதில்லை. அதற்கென உள்ள இலவச மென்பொருள்களில் விண்டிர்ஸ்டாட்டும் விஸ்ட்ரீயும் பரவலாகப் புழங்குகின்றன.

இரண்டுமே கோப்புகளை வண்ணக் கட்டங்களாக வரைகின்றன; கட்டம் பெரிதானால் கோப்பும் பெரிது. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்பி வன்தட்டு நிரம்பி வழிந்ததால், அங்கிருந்த கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மன் 1990இல் யோசித்த ‘ட்ரீமேப்’ முறை இது.

வேகத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. விண்டிர்ஸ்டாட்டின் 1.1.2 பதிப்பு ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து எண்ணுவதால், லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள கணினியில் நிமிடக்கணக்கில் காக்க வைக்கும். விஸ்ட்ரீயோ, சரக்கை எண்ணாமல் இருப்புப் பேரேட்டைப் புரட்டும் கணக்குப்பிள்ளையைப் போல, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் அமைந்த வட்டின் எம்எஃப்டி என்னும் கோப்புப் பட்டியலை நேரடியாகப் படித்துச் சில நொடிகளில் விடை சொல்லிவிடுகிறது. இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். எக்ஸ்ஃபேட் என்னும் வேறு கோப்பு முறையில் அமைந்த பென்டிரைவிலும் நெட்வொர்க் டிரைவிலும் அந்தப் பட்டியல் கிடைக்காததால் இந்த வேகமும் கிடைக்காது. விண்டிர்ஸ்டாட்டின் பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள், 2024இல் வந்த 2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறினால் வேகத்தில் நல்ல மாற்றம் தெரியும்.

உரிமத்தில் விண்டிர்ஸ்டாட் முந்துகிறது. அது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள்; அலுவலகத்திலும் இலவசம். விஸ்ட்ரீ தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம், அலுவலகக் கணினிக்குக் கட்டண உரிமம் தேவை. ஆகவே வீட்டுக்கு விஸ்ட்ரீ, அலுவலகத்துக்குப் புதிய விண்டிர்ஸ்டாட் என்பதே என் தேர்வு.

எதைத் தேர்ந்தாலும், படத்தில் பெரிதாகத் தெரிவதையெல்லாம் அழித்துவிடக் கூடாது. கணினி ஹைபர்னேட் ஆகும்போது நினைவகத்திலுள்ளதைச் சேமித்துவைக்கும் ஹைபர்ஃபில் கோப்பு பல ஜிபி இடத்தைப் பிடித்திருந்தால், ஹைபர்னேட் வசதியை நிறுத்தினால் அது தானாகவே போய்விடும். விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்துவைக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையின் கதை வேறு: அதிலுள்ள பல கோப்புகள் விண்டோஸின் சிஸ்டம்32 முதலிய இடங்களிலுள்ள கோப்புகளுக்கு இன்னொரு பெயர் மட்டுமே என்பதால், ஒரே கோப்பு இருமுறை எண்ணப்பட்டு, கோப்புறை உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றக்கூடும். அதைக் கையால் அழித்தால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் கிளீனப் கருவியிடம் விடுவதே முறை.