காரைக்காலில் "புது வெளியீடு" விஸ்கிக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்களுக்குப் போனது 18,500 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த நேரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். 18,500 ரூபாய். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு பாட்டிலுக்குக் கொடுத்த பணம். பாட்டில் கைக்கு வந்தது, ஆனால் உள்ளே இருந்தது வேறு ஏதோ. கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏசி போட்டு, கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டுச் சரக்கு அடுக்கி, பளிச்சென்று விளக்கு போட்டிருக்கும் கடை. அந்த மாதிரிக் கடை அங்கே நிறைய இருக்கிறது. போலிப் பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

மாயவரம், குத்தாலம், நன்னிலம் பக்கம் இருக்கும் நாலு பேர் நாங்கள். மாதத்தில் ஒரு நாள் கூடுவோம். ஆளுக்கு முப்பது மில்லி ஊற்றி, முகர்ந்து பார்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, பேசிப் பேசிக் குடிப்போம். புதிதாக என்ன வருகிறது என்று தேடிப் படிப்பதில் எங்களுக்கு அவ்வளவு ஆர்வம். பெங்களூரின் அம்ருத் விஸ்கி 2004-ல் முதலில் விற்பனைக்குப் போனது கிளாஸ்கோவில், அதுவும் ஸ்காட்லாந்துக்காரனிடமே, என்று பேச ஆரம்பித்தால் எங்கள் குத்தாலம் நண்பர் நிறுத்த மாட்டார். கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்திரி, எது புதிதாக வந்தாலும் ஒரு வாய் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள்.

ஆனால் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எப்படிப் பிடிப்பது? தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாகத்தான், எங்கள் பக்கத்துக் கடைகளில் சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) என்று பார்த்தால் வழக்கமான சில வகைகள்தான். திருச்சியில் சிங்கப்பூர் ஃப்ளைட் இறங்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் ஓர் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுவர முடியும், அதற்கு முன்பே அவர்கள் வீட்டு மாமா, மச்சான், பங்காளி என்று ஒரு வரிசை நின்றுகொண்டிருக்கும். மிச்சம் இருப்பது காரைக்கால்தான். புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்கே தனிச் சட்டம், தனி வரி. ஆக்கூர், தரங்கம்பாடி, பொறையார் தாண்டினால் வந்துவிடும். அங்கே வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவந்தால் செக்போஸ்ட்டில் மாட்டுவோம் என்பதால் காரைக்காலிலேயே இருக்கும் நண்பர் வீட்டில் கூடிக் குடித்து, இரவு அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் திரும்புவது எங்கள் வழக்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் ஆர்ட்பெக் என்று ஒரு டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி வடிக்கும் ஆலை. பீட் என்னும் கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியைக் காயவைப்பார்கள், அதனால் விஸ்கியில் பலமான புகை வாசம் ஏறும். வருடா வருடம் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் தீவுத் திருவிழாவை ஒட்டி ஒரு சிறப்பு வெளியீடு போடுவார்கள். ஒவ்வொரு வருடமும் பெயர் வேறு, பீப்பாய் வேறு, உலகம் முழுக்க அடித்துப் பிடித்து வாங்குவார்கள். அதில் ஒன்றைச் சுவைத்துவிட வேண்டும் என்று எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. (டிஸ்டில்லரிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்கள் பெயரை வைத்து எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.)

அந்தக் கடையின் மேனேஜர் சாதாரண ஆள் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து "என்ன வேணும்" என்று கேட்டு எடுத்துப் போடுகிற ரகம் இல்லை அவர். நாங்கள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். "சார் பீட் குடிப்பீங்களா?" என்றார். ஆர்ட்பெக் 1981-ல் மூடிக் கிடந்தது, 1997-ல் கிளென்மொராஞ்சி கம்பெனி வாங்கித்தான் திரும்ப உயிர் வந்தது என்று முழுக் கதையையும் சரியாகச் சொன்னார். ஒரு வருடம்கூடப் பிசகவில்லை. மால்ட்டில் புகையின் அளவை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் சொல்வார்கள், ஆர்ட்பெக்குக்கு ஐம்பதுக்கு மேல், அதையும் சொன்னார். இந்தப் பக்கத்தில் இவ்வளவு தெரிந்த ஒருவரைப் பார்த்ததும் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நன்னிலம் நண்பர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்து மேனேஜர் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். குடோனில் பெட்டி பெட்டியாக இருந்தது. "இந்த வருஷத்து ரிலீஸ். காரைக்காலுக்கு மொத்தமே ஒரு பெட்டிதான். பாண்டியில பெரிய ஆளுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க ரசிச்சுக் குடிக்கிறவங்க, உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கிறேன் சார். முழுப் பணமும் போட்டாத்தான் பிடிச்சு வைக்க முடியும்."

18,500 ரூபாய். ஆளுக்கு 4,625. எங்களில் யாரும் வசதியானவர்கள் இல்லை. நன்னிலம் நண்பருடைய பங்கு சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, காத்துக் கிடந்து வந்த பணத்திலிருந்து எடுத்தது. கடை மேசையில் க்யூஆர் அட்டை இருந்தது. அதை நான் ஸ்கேன் செய்யப் போனபோது, "அதுல இன்னிக்கு லிமிட் முடிஞ்சிருச்சு சார், இந்த நம்பருக்குப் போடுங்க, கடை நம்பர்தான்" என்று ஒரு செல் எண்ணைச் சொன்னார். போட்டேன். பில் கேட்டதற்கு, "சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாதே சார், கம்ப்யூட்டர் பில் வராது" என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார். மதுவுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது உண்மை. அதனால் பில்லே கிடையாது என்பது பச்சைப் பொய். மாநில வரி இருக்கிறது, பில் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்று நாளை என்று இழுத்தடித்து, ஒருவழியாகப் பாட்டில் வந்துவிட்டது என்று அழைப்பு வந்தது. பெட்டியோடு கொடுத்தார்கள். நண்பர் வீட்டுக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. மூடிமேல் இருந்த தகடு ஒரு பக்கம் சுருங்கிச் சுருங்கி, சூடு காட்டி ஒட்டிய மாதிரி இருந்தது. பாட்டிலின் கீழ்ப்பக்கம் கண்ணாடியில் லாட் எண் (எந்தத் தொகுப்பில் அடைத்தது என்று காட்டும் எண்) இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினால் சொரசொரப்பு. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். இறக்குமதி செய்தவரின் ஸ்டிக்கர் எங்கேயும் இல்லை. விஸ்கியின் நிறம் வேறு கருஞ்சிவப்பு. ஆர்ட்பெக் வழக்கமாக நிறம் சேர்ப்பதில்லை, அவர்களுடைய பத்து வருட விஸ்கி வெளிறிய வைக்கோல் நிறத்தில்தான் இருக்கும். "ஷெர்ரி பீப்பாயா இருக்கும்" என்று குத்தாலம் நண்பர் சமாதானம் சொன்னார், ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் வைத்தால் நிறம் கருக்கும். அப்படியும் இருக்கலாமே என்றுதான் திறந்தோம்.

கிளாஸில் ஊற்றி முகர்ந்ததும் லேசாக ஒரு புகை. சரி, வருகிறது என்று காத்திருந்தோம். ஐந்து நிமிடத்தில் அந்தப் புகை காணாமல் போய்விட்டது. அதற்கு அடியிலிருந்து எழுந்தது சுத்தமான பச்சை ஸ்பிரிட் நெடி, கூடவே பேக்கரியில் ஊற்றுகிற வெண்ணிலா எசன்ஸ் வாசனை. ஆர்ட்பெக் குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்தால் மறுநாள் காலையிலும் அதில் புகை மணக்கும். இது ஐந்து நிமிடம் தாங்கவில்லை. பெட்டியில் சில்-ஃபில்டர் செய்யாதது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதாவது குளிரவைத்து வடிகட்டாதது. அப்படிப்பட்ட விஸ்கியில் ஐஸும் தண்ணீரும் சேர்த்தால் லேசாக மங்கும், அதிலிருக்கும் எண்ணெய்ப்பசை அப்படி. இதில் ஐஸ் போட்டோம், தண்ணீர் விட்டோம், கடைசிவரை பளிங்கு மாதிரி தெளிவாகவே நின்றது. பாட்டிலை மூடிக் குலுக்கினால் ஸ்ட்ராங்கான விஸ்கியில் முத்து முத்தாகக் குமிழி கட்டிச் சற்று நேரம் நிற்கும், இதில் எழுந்ததும் உடைந்துவிட்டது. காலி ஒரிஜினல் பாட்டிலில் உள்ளூர்ச் சரக்கை ஊற்றி, மேலே நாலு சொட்டுப் புகை விஸ்கியைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் துளி சந்தேகம் இல்லை.

யாரும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இந்த ஊரில் யார் மறக்க முடியும்? மெத்தனால் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ தெரியவே தெரியாது. காசு போனது ஒரு பக்கம், அன்றிரவு நாலு பேரும் கண் சரியாகத் தெரிகிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே படுத்தோம்.

இனி அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள், வயிறு எரியும். மறுநாள் காலை கடை திறந்ததும் போய் நின்றோம். மேனேஜர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "லிமிடெட் எடிஷன் சார், வருஷா வருஷம் டேஸ்ட் மாறும், அதுக்குத்தானே இவ்வளவு விலை" என்றார். லாட் எண் எங்கே என்றால், "ட்ராவல்ல உரசியிருக்கும்." ஸ்டிக்கர் எங்கே என்றால், "பெட்டியில இருந்திருக்கும், நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்க." கடைசியாக, "சீலை உடைச்சுட்டீங்களே சார், இனி நான் என்ன பண்ண முடியும்?" சீலை உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படியய்யா தெரியும்? வேறு வாடிக்கையாளர் உள்ளே வந்ததும், "சத்தம் போடாதீங்க, சப்ளையர்கிட்ட பேசி சாயங்காலம் போன் பண்றேன்" என்று எங்களை வெளியே தள்ளாத குறையாக அனுப்பினார்.

சாயங்காலம் போன் வரவில்லை. நாங்கள் போட்டால் எடுக்கவில்லை. மெசேஜில் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் கிடையாது. பிறகு டிக் விழுவதும் நின்றது, பிளாக் செய்துவிட்டார். ஓனரைப் பிடிக்கலாம் என்றால் "அவர் பாண்டியில இருக்கார்", "கோயிலுக்குப் போயிருக்கார்", "மீட்டிங்ல இருக்கார்." ஒருவழியாக ஓனர் லைனில் வந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, எங்க கடை அக்கவுண்ட்டுக்கு 18,500 வரவே இல்லியே. நீங்க யாருக்குப் போட்டீங்களோ அவங்களையே கேளுங்க." அவர் கடையில், அவர் கல்லாவுக்கு முன்னால் நின்று, அவர் சம்பளம் கொடுக்கும் ஆள் சொன்ன நம்பருக்குப் போட்ட பணம் அது. "அவன் இப்ப லீவுல இருக்கான்" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார். பாட்டில் கொடுத்தது உங்கள் கடைதானே என்றால், "பில் இருக்கா?" என்று கேட்கிறார். பில் கொடுக்காதவர்களே பில் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் தாங்க முடியாதது என்ன தெரியுமா? இந்தத் திருட்டு புது வெளியீட்டில்தான் சுலபமாக நடக்கும். தினம் குடிக்கிற பிராண்டில் மாற்றிக் கொடுத்தால் முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துக் கல்லாவைத் தட்டுவார்கள். புதிதாக வந்ததை இந்த மாவட்டத்திலேயே யாரும் ருசித்திருக்க மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது, எதைக் கேட்டாலும் "இந்த வருஷம் இப்படித்தான்" என்ற ஒரே பதிலில் வாயை அடைத்துவிடலாம். எங்களுக்கு அந்த டிஸ்டில்லரியின் மற்ற விஸ்கி பழக்கம் என்பதால் தெரிந்தது. ஆசையாக முதல் தடவை பீட் விஸ்கி வாங்கும் பையன் ஒருவன் இதைக் குடித்துவிட்டு, இதுதான் ஆர்ட்பெக் என்று நம்பிக்கொண்டு போவான். அதை நினைத்தால் 18,500 ரூபாயைவிட அதிகமாக வலிக்கிறது. அதோடு, குடி விஷயம் என்பதால் யாரும் வீட்டிலோ போலீஸிலோ வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற தைரியம் அவர்களுக்கு. நாங்கள் திறப்போம்.

போலியைக் கண்டுபிடிப்பது பற்றி நீளமாக எழுத நினைத்தேன், நேரமாகிவிட்டது, கை வேறு நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூடித் தகடு, லாட் எண், இறக்குமதியாளர் ஸ்டிக்கர், கலால் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கடைக்குள்ளேயே வெளிச்சத்தில் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். கடைப் பெயர் வராத எந்த நம்பருக்கும் பணம் போடாதீர்கள். பில் இல்லாமல் குவார்ட்டர்கூட வாங்காதீர்கள். முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் காலியாகும் விலையுயர்ந்த பாட்டிலைப் பழைய சாமான் கடைக்குப் போடாமல் உடைத்துப் போடுங்கள், பெட்டியைக் கிழியுங்கள்.

பணம் போனவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், யூபிஐ மோசடி என்றால் உடனே 1930. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் துண்டுச் சீட்டு, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட், மிச்சச் சரக்கோடு பாட்டில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காரைக்காலில் கலால் துறைக்கு மனு கொடுக்கப் போகிறோம். அதே மாதிரிக் கடையில் அதே மாதிரிப் பாட்டில் வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து பாட்டிலைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.