மூன்று எறிகத்திகளும் ஒரு டோமஹாக்கும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

வீட்டின் பின்புறத்தில் கத்தியும் டோமஹாக் என்ற சிறு கைக்கோடரியும் எறிந்து பழகுவதற்காக வாங்கிய ஒரு தொகுப்பை ஓராண்டுக் காலம், பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாட்கள் வீதம் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன். தொகுப்பில் ஒரே மாதிரியான மூன்று எறிகத்திகள், நேரான மரக் காம்புடைய டோமஹாக் ஒன்று, கத்திகளுக்கான துணியுறை, ஓர் இலக்குப் பலகை ஆகியவை இருந்தன. ஏறத்தாழ இதே அமைப்பில் பல தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு எடை, நீளம், எஃகு, காம்பைப் பொருத்தியிருக்கும் விதம் ஆகியவற்றைச் சொல்கிறேன். எந்தக் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் இவற்றைக் கொண்டே அதன் தரத்தைக் கணிக்க முடியும்.

இதற்கு முன்பு நான் வாங்கியது ஆறு கத்திகள் கொண்ட வேறொரு கட்டு. ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம், 60 கிராமுக்கும் குறைவான எடை, கறுப்புப் பூச்சு, நடுவில் அலங்காரத் துளைகள், இரு பக்கமும் தீட்டிய விளிம்பு என்று பார்வைக்கு மிக அழகாக இருந்தன. இரண்டு மாதம் முயன்றும் பத்தில் இரண்டு கத்திகள்கூட இலக்கில் நிற்கவில்லை. குறை என் கையில்தான் இருக்கிறது என்று நம்பி, ஏறக்குறைய இந்தப் பழக்கத்தையே கைவிட இருந்தேன். உண்மையில் குறை பெரும்பகுதி கத்தியில் இருந்தது. குட்டையான கத்தி காற்றில் வேகமாகச் சுழலும் என்பதால், கையிலிருந்து அது விடுபடும் கணம் சிறிதளவு மாறினாலும், நிற்கும் இடம் ஒரு சாண் தள்ளிப் போனாலும், இலக்கைச் சேரும்போது முனை வேறு பக்கம் திரும்பிவிடும். எடை குறைந்த கத்தி சரியான கோணத்தில் சென்று சேர்ந்தாலும் மரத்துக்குள் இறங்கும் அளவுக்கு உந்தம் இல்லாமல் விழுந்துவிடும். தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கென்று மலிவாக விற்கப்படும் இத்தகைய சிறு கத்திகளே, தொடக்கநிலையில் உள்ளவரால் எறிய மிகவும் கடினமானவை என்பதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம்தான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது.

புதிய கத்திகள் ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளமும் 250 கிராம் எடையும் கொண்டவை. ஒரே எஃகுப் பட்டையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. தனியாகப் பிடி கிடையாது, ஆணி கிடையாது, கயிற்றுச் சுற்று கிடையாது. முதன்முறை பார்ப்பவருக்கு இவை முடிக்கப்படாத வேலை போலத் தோன்றலாம். ஆனால் எறிகத்தியில் இல்லாமல் இருக்க வேண்டியவை இவைதாம். மரப்பிடியும் ஆணிகளும் சில நூறு எறிதல்களிலேயே ஆட்டம் கண்டுவிடும். கயிறு சுற்றிய பிடியோ ஒவ்வொரு முறையும் விரல்களில் வெவ்வேறு அளவுக்கு ஒட்டிக்கொண்டு, கத்தி விடுபடும் கணத்தை மாற்றிவிடும். வழவழப்பான வெற்று எஃகு கையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நழுவும்.

விளிம்புகள் தீட்டப்படாமல் மழுங்கலாகவே இருக்கின்றன. முனை மட்டுமே கூர். அலகைப் பிடித்தும் எறிய வேண்டியிருப்பதால் இதுவே சரியான முறை. எஃகு நடுத்தரக் கரிமம் கொண்டது, கடினமும் மிதமாகவே ஏற்றப்பட்டுள்ளது. நல்ல சமையலறைக் கத்தி, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை இருக்கும். எறிகத்திக்கு 50-ஐ ஒட்டிய கடினமே போதும். கடினம் கூடக்கூட எஃகு கூர்மையைக் காக்கும், ஆனால் பக்கவாட்டில் அடிபடும்போது ஒடியும் இயல்பும் கூடும். எறிகத்தி நாள் முழுவதும் அடிபடவே பிறந்தது. அது ஒடிவதைவிட வளைவதே பாதுகாப்பு. சமையலறைக் கத்தியை எறிந்து பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், ஒடிந்த துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த ஓராண்டில் என் கத்திகளில் ஒன்றின் முனை இரண்டு முறை மடங்கியது; இரண்டு முறையும் தட்டை அரத்தால் ஐந்து நிமிடத்தில் சீராக்கிவிட்டேன்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. இலக்கில் ஏற்கெனவே நிற்கும் கத்தியின் மீது அடுத்த கத்தி மோதும்போது விளிம்பில் பிசிறு எழும்பும், அந்தப் பிசிறு சவரத் தகடுபோல விரலைக் கிழித்துவிடும். கூர் இல்லாத கத்தியால் எனக்கு ஏற்பட்ட காயங்கள் எல்லாமே இந்தப் பிசிறால் வந்தவை. ஒவ்வொரு நாளும் எறிந்து முடித்தவுடன் விளிம்பு முழுவதையும் பார்த்துப் பிசிறு இருக்கும் இடத்தை அரத்தால் தேய்த்துவிடுவதையும், மூன்று கத்திகளையும் ஒரே புள்ளிக்கு எறியாமல் இலக்கில் மூன்று வட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக எறிவதையும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

எறியும்போது இந்தக் கத்திகளின் சிறப்பு முதல் வாரத்திலேயே தெரிந்தது. எடை நீளத்தின் நடுவில் சமமாக நிற்பதால், பிடியைப் பற்றி எறிந்தாலும் அலகைப் பற்றி எறிந்தாலும் சுழலும் வேகம் ஏறக்குறைய ஒன்றே. அலகைப் பற்றினால் அரைச்சுற்றில், எனக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தூரத்தில், கத்தி குத்தி நிற்கிறது. பிடியைப் பற்றினால் முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர் தேவைப்படுகிறது. கையின் நீளத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ப இந்த அளவுகள் ஒவ்வொருவருக்கும் மாறும். மாறாத விதி வேறு: சுற்றின் எண்ணிக்கையை மணிக்கட்டால் கூட்டவோ குறைக்கவோ முயலாமல், நிற்கும் இடத்தால் மட்டுமே சரிசெய்ய வேண்டும். கத்தி இலக்கைச் சேரும்போது முனை மேல்நோக்கியும் பிடி தாழ்ந்தும் இருந்தால் சுற்று முழுமை பெறவில்லை என்று பொருள், அரையடி பின்னால் செல்ல வேண்டும். பிடி உயர்ந்து முனை கீழ்நோக்கி இருந்தால் சுற்று கூடிவிட்டது, அரையடி முன்னால் வர வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல், சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பிடித்து, கத்தி கையை விட்டுப் போன பின்பும் கையை இலக்கை நோக்கி நீட்டி முடித்தால், கனமான நீண்ட கத்தி மீதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. பழைய கட்டில் பத்துக்கு இரண்டாக இருந்த கணக்கு, இந்தக் கத்திகளில் ஒரு மாதத்துக்குள் பத்துக்கு ஏழானது.

இனி டோமஹாக். இதன் தலை சுமார் 500 கிராம், காம்பு 48 செ.மீ. நீளமுள்ள ஹிக்கரி மரம். எறிவதற்கு இது கத்தியைவிட எளிது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கோடரியின் வாய் நான்கு விரல் அகலம் இருப்பதால் கோணம் சற்றுத் தவறினாலும் அதன் ஏதாவதொரு மூலை மரத்தில் ஏறிவிடும். நீண்ட காம்பு சுழற்சியை மெதுவாக்கிவிடும். உலகக் கோடரி எறிதல் லீக் தன் போட்டிகளில் கைக்கோடரிக்கு வகுத்திருக்கும் தூரம் 12 அடி, அதாவது ஏறக்குறைய 3.7 மீட்டர், ஒரு முழுச்சுற்றுக்கு அதுவே எனக்கும் பொருந்தி வந்தது. விருந்தினர் யாரேனும் எறிந்து பார்க்க விரும்பினால் முதலில் டோமஹாக்கையே கொடுக்கிறேன், பெரும்பாலோர் பத்தாவது எறிதலுக்குள் அதைக் குத்தி நிறுத்திவிடுகிறார்கள்.

டோமஹாக் என்ற சொல், இன்றைய வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குச் சென்றது. முதலில் கல்தலையோடு இருந்த கருவி, ஐரோப்பியருடனான வணிகத்தின் வழியாக இரும்புத் தலை பெற்றது. இதன் காம்பைப் பொருத்தும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். சாதாரணக் கோடரியில் காம்பைத் தலைக்குள் செருகி மேலிருந்து ஆப்பு அடிப்பார்கள். டோமஹாக்கிலோ மேல்முனை சற்றுப் பருத்த காம்பை, தலையின் துளைக்குள் மேலிருந்து கீழாக இறக்குவார்கள். சுழலும்போது தலை வெளிநோக்கித் தள்ளப்படுவதால் ஒவ்வொரு வீச்சிலும் அது பருத்த பக்கத்தில் மேலும் இறுகிக்கொள்கிறது. ஆப்பு இல்லை, பசை இல்லை; காம்பு ஒடிந்தால் பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை இறக்கப் பத்து நிமிடம் போதும்.

இவ்வளவு நல்ல அமைப்பைத் தயாரிப்பாளரே கெடுத்து அனுப்பியிருந்தார் என்பதுதான் என் முதன்மையான மனக்குறை. தலை நழுவாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு சிறு திருகாணியை முடுக்கியிருந்தார்கள். அந்த ஆணி மரத்தின் இழையைக் குத்தி நின்ற இடத்திலிருந்தே விரிசல் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் முதல் காம்பு பிளந்தது. புதிய காம்பை இறக்கும் முன் திருகாணியை நீக்கினேன். துளையின் உட்புறத்தில் இருந்த கூர்மையான வார்ப்பு மேடுகளை அரத்தால் தேய்த்தேன். காம்பையும் தலை முழுமையாக அமரும்வரை உப்புத்தாளால் இழைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசினேன். அதன்பின் அந்தக் காம்பு ஏழு மாதங்கள் தாங்கியது. பிறகு அது ஒடிந்ததற்கு என் பிழையே காரணம்: ஆறு மீட்டரிலிருந்து எறியப் பழகியபோது சுற்று கூடிப்போய், தலைக்குப் பதிலாகக் காம்பே இலக்கின் விளிம்பில் மோதியது. எறிபவருக்குக் காம்பு தேய்மானப் பொருள்தான். அதைக் குறையாகக் கருதவில்லை. திருகாணி மட்டும் குறைதான், அதைப் பெட்டியைத் திறந்த நாளிலேயே கழற்றிவிடுவது நல்லது.

இலக்குப் பலகையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஒட்டுப்பலகையால் செய்த அந்த வட்டத்தில் கத்தி மோதினால் பசை அடுக்குகள் அதைத் திருப்பி உதறின. குத்தி நின்ற கத்திகளைவிட என் காலை நோக்கித் திரும்பி வந்தவை அதிகம். இரண்டாம் நாளே அதைத் தூக்கி வைத்துவிட்டு, மென்மரம் ஒன்றின் அடிமரத்தைக் குறுக்காக அறுத்த, 50 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. கனமும் உள்ள துண்டு ஒன்றை வாங்கினேன். பணத்தில் பாதியைக் கத்திக்கும் பாதியை இலக்குக்கும் செலவிடலாம் என்று எவராவது சொன்னால் அது சற்றும் மிகையில்லை. குறுக்காக அறுத்த முகத்தில் மரத்தின் இழைகள் எறிபவரை நோக்கி நிற்கின்றன. முனை அவற்றை வெட்டாமல் விலக்கிக்கொண்டு உள்ளே செல்கிறது, கத்தியை எடுத்ததும் இழைகள் ஓரளவுக்கு மீண்டும் கூடிக்கொள்கின்றன. நெடுக்காக அறுத்த பலகையில் ஒவ்வொரு அடியும் ஒரு சிம்பைப் பெயர்த்தெடுக்கும்.

பாப்லர், பைன் போன்ற மென்மையான மரங்கள் இதற்கு ஏற்றவை. வைரம் பாய்ந்த கடினமரத் துண்டு எவ்வளவு பெரிதாகக் கிடைத்தாலும் வேண்டாம். முந்தைய இரவு முகத்தில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் மறுநாள் கத்தி இறங்கும் ஒலியே வேறாக இருக்கிறது. தட்டென்ற வறண்ட ஒலி போய் ஆழமான ஒலி வருகிறது. வெயிலில் காயவிட்டால் நடுவிலிருந்து விளிம்புவரை வெடிக்கும். இரும்புப் பட்டை ஒன்றைச் சுற்றிலும் இறுக்கி, நிழலில் வைத்து, இரு முகங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் என் முதல் துண்டு ஐந்து மாதம் உழைத்தது. நிற்கும் மரத்தின் மீது மட்டும் எறியாதீர்கள்; பட்டையில் விழும் ஒவ்வொரு காயமும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் வழிதிறந்துவிடும்.

தொகுப்போடு வந்த கையேட்டில் பாதுகாப்பைப் பற்றி இரண்டே வரிகள் இருந்தன, அது போதாது. கத்தி தட்டையாக மோதினால் எறிந்த தூரத்துக்கு மேலும் திரும்பி வரலாம். ஆகவே பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூடிய காலணியும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் எறிபவருக்குக் கட்டாயம். இலக்குக்குப் பின்னால் வெற்றுச் சுவரோ கல்தரையோ இருந்தால் தவறிய கத்தி துள்ளும் என்பதால், நான் பழைய ரப்பர் விரிப்பைத் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அனைவரும் எறிந்து முடித்த பிறகே எல்லாரும் சேர்ந்து சென்று எடுப்பது, குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ வெளியே இருக்கும்போது கத்தியைத் தொடாமலிருப்பது ஆகிய இரண்டிலும் நான் எந்த விலக்கும் வைத்துக்கொள்ளவில்லை. சில நாடுகளிலும் மாநிலங்களிலும் எறிகத்தியை வைத்திருக்கவே கட்டுப்பாடு உண்டு. வாங்கும் முன் உங்கள் பகுதியின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியுறை சாதாரணமானது, ஈரத்தை வைத்துக்கொண்டு கரிம எஃகில் துருவை ஏற்றுவதால் கத்திகளை எண்ணெய் தடவித் தனியாகவே வைக்கிறேன்.

கத்திகளுக்கு எந்தத் தயக்கமும் இன்றி முழு மதிப்பெண் தருகிறேன். டோமஹாக்கின் தலைக்கும் அப்படியே. திருகாணிக்காகவும் இலக்குப் பலகைக்காகவும் ஐந்தில் ஒன்றைக் குறைத்து, மொத்தத்தில் நான்கு. கத்திகளும் டோமஹாக்கும் தனித்தனியாகக் கிடைத்தால் அப்படியே வாங்கி, பலகைக்கான பணத்தில் இரண்டு உதிரிக் காம்புகளும் ஒரு தட்டை அரமும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய மூன்றாவது காம்பு இப்போது எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.