உத்தரவு வந்தால் யார் கையில் என்ன இருக்கும்? போன் கால், டெலிகிராம், வாட்ஸ்அப், அரட்டை, சிக்னல்

போன மாதம் ஒரு நண்பர் கூப்பிட்டார். அவர்கள் ஊரில் கல் குவாரிக்கு எதிராகக் கலெக்டரிடம் மனு கொடுக்கும் பதினைந்து பேர் கொண்ட சின்னக் குழு இருக்கிறது. "வாட்ஸ்அப்ல பேசினா பார்த்துடுவாங்கன்னு எல்லாரும் டெலிகிராமுக்கு மாறிட்டோம், அதுதானே சேஃப்?" என்று கேட்டார். இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ் என்று சொன்னேன். ஏன் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே தப்புக் கணக்கைப் பல பேர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"மெசேஜைப் படிக்க முடியுமா?" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அரசு உத்தரவோடு வந்து நின்றால் அந்த நிறுவனத்தின் கையில் கொடுக்க என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், படம் மாறிவிடும். நம் நாட்டில் அந்த உத்தரவு வருவது ரொம்பச் சுலபம். ஒட்டுக்கேட்க நீதிபதி கையெழுத்து தேவையில்லை, உள்துறைச் செயலாளர் கையெழுத்து போதும். மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை போன் ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்று 2013-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் வந்தது. இவற்றைச் சரிபார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு, அதிலும் அதிகாரிகள்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமில்லை என்று 2018-ல், தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய அரசே அமைத்த ஸ்ரீகிருஷ்ணா கமிட்டியே எழுதியது. காலையிலிருந்து சாயங்காலம் வரை எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு நொடிகூட வராது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்ன நாட்டில் நடைமுறை இப்படி இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சரி, முதலில் சாதாரண போன் காலும் எஸ்எம்எஸ்ஸும். இதில் மறைக்க ஒன்றுமே இல்லை. மத்திய கண்காணிப்பு அமைப்பு (சிஎம்எஸ்) வந்த பிறகு தொலைபேசி நிறுவனத்தின் கதவைத் தட்டாமலே அரசு நேராகக் கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. பேச்சைக் கேட்காவிட்டாலும் சிடிஆர் இருக்கவே இருக்கிறது. யார் யாரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த டவர் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்ற பதிவு அது. 2021 டிசம்பரிலிருந்து குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு. ஒட்டுக்கேட்கவாவது உள்துறைச் செயலாளர் வரை போக வேண்டும், சிடிஆர் எடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம், போலீஸ் அதிகாரி மட்டத்திலேயே முடிந்துவிடும். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சாதாரணக் குற்ற விசாரணைக்காக ரகசியமாக போனை ஒட்டுக்கேட்க முடியாது, பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருந்தால்தான் முடியும் என்று சொல்லி 2011-ல் போட்ட ஒரு உத்தரவை ரத்து செய்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது பேச்சைக் கேட்பது பற்றியது. பேசியது என்ன என்று தெரியாமலேயே குவாரி எதிர்ப்புக் குழுவில் யார் தலை, யார் வால், எந்த வக்கீலைப் பார்த்தார்கள், எந்த நிருபரிடம் பேசினார்கள் என்று சிடிஆரை விரித்து வைத்தால் அரை மணியில் வரைந்துவிடலாம். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ-வின் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014-ல் ஒரு மேடையில், மெட்டாடேட்டாவை (பேச்சு இல்லாமல், யார் யாரோடு எப்போது என்ற இந்த மாதிரி விவரத்தை) வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்றே வெளிப்படையாகச் சொன்னார்.

இப்போது டெலிகிராம். நண்பர் நம்பியது இதைத்தான். நாம் தினமும் பயன்படுத்தும் டெலிகிராம் சாட்டில் முனைக்கு முனை என்க்ரிப்ஷன், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்க முடிகிற மறையாக்கம், கிடையாது. மெசேஜ் அவர்கள் சர்வரில் இருக்கிறது, சாவியும் அவர்களிடமே இருக்கிறது. புது போனில் லாகின் செய்தவுடன் பழைய மெசேஜ் எல்லாம் தானாக வந்து நிற்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தாலே புரியும். 'சீக்ரெட் சாட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் என்க்ரிப்ஷன் உண்டு, ஆனால் அதை ஒவ்வொரு ஆளுக்கும் தேடிப் போய் ஆரம்பிக்க வேண்டும், குரூப்புக்கு அது கிடையவே கிடையாது. ஆக அந்தப் பதினைந்து பேர் குரூப்பில் போட்ட ஒவ்வொரு வரியும் நிறுவனம் நினைத்தால் திறந்து பார்க்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. "அவங்க யாருக்கும் கொடுக்க மாட்டாங்க" என்பார்கள். 2022-ல் பாடக்குறிப்புகளைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த ஒரு பதிப்புரிமை வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும், சேனல் நடத்தியவர்களின் பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் பாரிஸ் அருகே விமானத்திலிருந்து இறங்கியதும் கைதானார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் நம்பரும் ஐபி முகவரியும் கொடுப்போம் என்று விதியை மாற்றினார்கள். சினிமா சேனல், பிடிஎஃப், பரீட்சைக் குறிப்பு இதற்கெல்லாம் டெலிகிராம் அருமை. மனசில் உள்ளதைப் பேச அது இடமில்லை.

வாட்ஸ்அப் இந்த விஷயத்தில் டெலிகிராமைவிட நல்லது என்று சொன்னால் நிறைய பேர் நம்புவதில்லை. 2016-லிருந்து தனிச் சாட், குரூப், கால் எல்லாமே சிக்னல் என்ற ஆப்பை உருவாக்கியவர்கள் கண்டுபிடித்த அதே முறையில் மறையாக்கம் செய்யப்படுகிறது. பயனர் எதையும் ஆன் செய்ய வேண்டாம். ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதல் ஓட்டை பேக்கப். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போகும் பேக்கப் வழக்கமாக அந்தப் பாதுகாப்போடு போவதில்லை. 2021-ல்தான் என்க்ரிப்ட் செய்த பேக்கப் வந்தது, அதையும் நாமே அமைப்புகளுக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். நீங்கள் செய்து எதிரில் இருப்பவர் செய்யாவிட்டால் உங்கள் மெசேஜ் அவர் பேக்கப்பில் உட்கார்ந்திருக்கும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஆதங்கம். இரண்டாவது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற விவரம். 2021 ஜனவரி தேதியிட்ட ஒரு எஃப்பிஐ உள் ஆவணம் வெளியே வந்தது. அமெரிக்காவில் அதற்கான உத்தரவு இருந்தால், ஒருவர் யாருக்கு அனுப்புகிறார், யாரிடமிருந்து வருகிறது என்பதை வாட்ஸ்அப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் என்று அதில் இருந்தது. மெசேஜ் கிடைக்காது, வரைபடம் கிடைக்கும்.

இங்கே ஒரு சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நம்மூரோடு ஒட்டியது. சமூக ஊடகக் கணக்கை ஆதாரோடு இணைக்கச் சொல்லி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு, போகப் போக 'இந்த மெசேஜை முதலில் அனுப்பியது யார்' என்று கண்டுபிடிக்கும் வழக்காக மாறியது. ஒவ்வொரு மெசேஜிலும் முதலில் அனுப்பியவர் அடையாளத்தை ஒட்டிவிடலாம் என்று ஐஐடி சென்னைப் பேராசிரியர் காமகோடி 2019-ல் யோசனை கொடுத்தார். 2021 ஐடி விதிகளில் அந்தக் கட்டாயம் வந்தே விட்டது. வாட்ஸ்அப் டெல்லியில் வழக்குப் போட்டது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போக வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அவர்கள் வக்கீல் நீதிமன்றத்தில் சொன்னார். ஒரு வதந்தி பரப்பியவரைப் பிடிக்க ஐம்பது கோடி பேர் மெசேஜிலும் அடையாளம் குத்த வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. எல்லார் வீட்டுச் சாவிக்கும் ஒரு நகல் எடுத்து ஸ்டேஷனில் வைப்பது போன்றது அது.

அரட்டை ஆப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜோஹோ செய்தது, நம்மூர் உழைப்பு, தமிழ்ப் பெயர், எனக்கும் பெருமைதான். 2025 செப்டம்பரில் எல்லோரும் ஓடிப்போய் இறக்கியபோது கால்களுக்குத்தான் முழு மறையாக்கம் இருந்தது, எழுத்து மெசேஜுக்கு இல்லை. அதன் பிறகுதான் தனிச் சாட்டுக்கும் கொண்டுவரத் தொடங்கினார்கள். டேட்டா இந்தியாவில் இருப்பது பாதுகாப்பு என்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பாதுகாப்பு, சரி. ஆனால் நம் கேள்வி நம் அரசைப் பற்றியது. தலைமையகமும் சர்வரும் இங்கே இருக்கும் நிறுவனம், எவ்வளவு நல்லவர்கள் நடத்தினாலும், உள்ளூர் உத்தரவுக்கு முடியாது என்று சொல்வது கஷ்டம். கொடுக்க ஒன்றும் இல்லாதபடி கட்டி வைத்தால்தான் தப்பிக்க முடியும்.

அப்படிக் கட்டி வைத்திருப்பது சிக்னல். 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து குற்ற விசாரணைக்கான கிராண்ட் ஜூரி சம்மன் வந்தது, பயனர் விவரம் முழுக்கக் கேட்டார்கள். சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். தொடர்புப் பட்டியல், குரூப் பெயர், யாரோடு பேசினார் எதுவும் இல்லை, ஏனென்றால் அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. லாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்துகிறது, விளம்பரம் இல்லை, சேர்த்து வைக்கக் காரணமும் இல்லை. குறை உண்டு. போன் நம்பர் இல்லாமல் கணக்குத் தொடங்க முடியாது, நம் நாட்டில் நம்பர் என்றால் அடையாள ஆவணம். 2024-லிருந்து யூசர்நேம் வைத்து நம்பரை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம், அந்த அளவுக்கு ஆறுதல். ஆனால் 2025 நவம்பர் கடைசியில், போனுக்குள் சிம் இருந்தால்தான் இந்த ஆப்கள் வேலை செய்ய வேண்டும், கணினியில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை லாகவுட் ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவில் சிக்னலும் சேர்ந்திருக்கிறது. அப்புறம், ஊரில் யாரிடமும் சிக்னல் இல்லை என்பதும் நிஜமான குறைதான். ஒற்றை ஆளாக இறக்கி வைத்துப் பிரயோஜனம் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "அப்போ சிக்னல் போட்டா முடிஞ்சுதா?" என்றார். முடியவில்லை. போனே அவர்கள் கைக்குப் போனால் எந்த ஆப்பும் ஒன்றுதான். 2020-ல் மும்பை திரையுலக போதைப்பொருள் வழக்கின்போது வாட்ஸ்அப் உரையாடல்கள் டிவியில் ஓடியதற்கு என்க்ரிப்ஷனை யாரும் உடைக்கவில்லை, அவை போனிலிருந்து எடுக்கப்பட்டவை. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போன் கைக்கு வராமலே அதைச் செய்யும். உச்ச நீதிமன்றம் அமைத்த குழு பார்த்த 29 போன்களில் ஐந்தில் ஏதோ ஒரு உளவு மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022-ல் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. ஆனால் அது விலை உயர்ந்த ஆயுதம், ஆள் பார்த்துத்தான் ஏவுவார்கள். பதினைந்து பேர் குழுவை வலை வீசி அள்ளுவதற்கு சிடிஆரும் குரூப்பும் பேக்கப்புமே போதும், அந்த மூன்றையும் நம்மால் குறைக்க முடியும்.

அன்று சாயங்காலமே அவர்கள் சிக்னலில் குரூப் தொடங்கினார்கள், மெசேஜ் ஒரு வாரத்தில் அழிகிற மாதிரி வைத்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேருக்கு நண்பரின் மகள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். போன் வேறு கைக்குப் போனால் விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடக் கூடாதே என்று கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க நம்பர் போட்டார்கள். வாட்ஸ்அப் பேக்கப்பை என்க்ரிப்ட் செய்யும் வேலை இன்னும் நாலு பேருக்குப் பாக்கி இருக்கிறது, கலெக்டரைப் பார்க்கப் போவதற்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.