ஜுகுலார் துளையில் நரம்பு உறைக் கட்டி: முழுவதும் எடுப்பதா, மிச்சம் வைப்பதா, கதிர் பாய்ச்சுவதா?

மண்டையின் அடித்தளத்தில், காதுக்குப் பின்னால் சற்று உள்ளே தள்ளி, ஜுகுலார் துளை என்ற குறுகிய எலும்பு வழி இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் பெரிய சிரையும், தொண்டையையும் குரல்வளையையும் தோளையும் இயக்கும் ஒன்பது, பத்து, பதினொன்றாம் கபால நரம்புகளும் அதன் வழியாகவே வெளியேறுகின்றன. அந்த நரம்புகளின் உறையில் ஷ்வானோமா எனும் நரம்பு உறைக் கட்டி தோன்றுவது அரிது. மண்டைக்குள் வரும் ஷ்வானோமாக்களில் மிகப் பெரும்பாலானவை செவி நரம்பைச் சேர்ந்தவை. இது புற்றுநோய் அல்ல, மெதுவாகவே வளரும். அதனால்தான் என்ன செய்வது என்பதில் இத்தனை கருத்து வேறுபாடு.

முதலில் கட்டி இன்னதென்று உறுதியாக வேண்டும். சி.டி. படத்தில் துளையின் விளிம்பு வழவழப்பாக விரிந்திருந்தால் பெரும்பாலும் ஷ்வானோமா. செல்லரித்ததுபோல் சிதைந்திருந்தால் ரத்தக்குழாய்கள் நிறைந்த குளோமஸ் கட்டியாக இருக்கலாம், அதற்கான ஏற்பாடுகளே வேறு.

முழு அகற்றத்துக்குப் பெயர்பெற்ற வழி, சூரிக்கைச் சேர்ந்த காது அறுவை மருத்துவர் ஊகோ ஃபிஷ் வகுத்தது. காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்து, முக நரம்பை அதன் இடத்திலிருந்து பெயர்த்து முன்னால் நகர்த்தி, துளையை நேருக்கு நேர் திறப்பார்கள். மண்டைக்குள்ளும் கழுத்திலுமாக உடுக்கை வடிவில் பரவிய கட்டிக்கு இதைப்போல் இடம் தரும் வழி வேறில்லை. ஆனால் காதுக்குழாயை மூடிவிடுவதால் அந்தப் பக்கக் கேள்வித்திறன் பெரிதும் குறையும். முகத்தில் ஓரளவு தளர்ச்சியும் வரக்கூடும். கட்டி பெரும்பாலும் மண்டைக்குள்ளேயே இருந்தால், காதின் பின்புறமாகச் சிறு ஜன்னல் திறந்து சிறுமூளையை ஒதுக்கிச் செல்லும் ரெட்ரோசிக்மாய்டு வழியே போதும். இதில் முக நரம்பைத் தொட்டு நகர்த்த வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் உண்மையான விலை விழுங்குதலில்தான் தெரிகிறது. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செயலிழந்த நரம்பின் வேலையை மறுபக்கம் பழகி ஏற்றுக்கொள்கிறது; குரல் கம்மியிருந்தாலும் நோயாளி சாப்பிடுவார். அதே நரம்பு அறுவை மேசையில் ஒரே நாளில் போனால், அவருக்குத் தண்ணீர்கூடப் புரையேறும், நுரையீரலில் சளி கட்டும், மூக்குக் குழாய் வழி உணவும் சில வேளை தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாயும் தேவைப்படும். அதனால்தான் இன்று மயக்கத்தில் மூச்சுக்காகச் செருகும் குழாயிலேயே மின்முனைகளைப் பொருத்தி, குரல்நாண் தசையின் ஒவ்வொரு துடிப்பையும் கேட்டபடியே அறுக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பார்க்கும்போது, நரம்போடு ஒட்டிய உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் சுரண்டி எடுப்பதே பெரும்பாலோருக்கு நல்லது என்பது என் கருத்து. செவி நரம்புக் கட்டியில், மூளை அறுவையின் முன்னோடியான ஹார்வி குஷிங் இதைத்தான் செய்தார். இன்னொரு மூளை அறுவை மருத்துவரான வால்டர் டேண்டி 1920களில் உறையோடு முழுவதையும் எடுத்துக் காட்டிய பின் அது பழமையாகக் கருதப்பட்டது. மிச்சம் மீண்டும் வளரலாம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் குஷிங்கின் கையில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது: ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த கதிர் அறுவைக் கருத்திலிருந்து உருவான, வெட்டாமலே கதிர்களைக் கட்டியில் குவிக்கும் காமா நைஃப் கருவி.

சிறிய, ஏறக்குறைய மூன்று செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்குக் கத்தியே வைக்காமல் காமா நைஃப் மட்டும் போதலாம். கட்டியின் விளிம்பில் சுமார் 12 கிரே (கதிர் அளவின் அலகு) தரப்படும். கட்டி மறையாது, வளர்ச்சி நிற்பதே வெற்றி. முதல் சில மாதங்களில் தற்காலிகமாக வீங்கவும் கூடும். ஆகவே மூளைத்தண்டை ஏற்கெனவே நெருக்கும் பெரிய கட்டிக்கு இதைத் தனியாக நம்பக் கூடாது. அங்கே அறுவையே முதலில். வயதானவருக்குத் தற்செயலாகத் தெரியவந்த, தொந்தரவில்லாத கட்டி என்றால், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் காத்திருக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன் குரல்நாண்களை உள்நோக்கியால் பார்த்துக் குறித்துவைப்பது அவசியம். ஒரு நாண் ஏற்கெனவே அசைவற்றுக் கிடந்து நோயாளி பழகிவிட்டார் என்றால் அறுவையாளர் சற்றுத் துணிந்து எடுக்கலாம். இரண்டும் நன்றாக அசைந்தால் மிச்சம் வைப்பதில் தயக்கம் வேண்டாம்.