பல்சக்கரமா, தோடர் தையலா, கல்திட்டையா?

அக்கா பிள்ளைகள் இருவரும் டொராண்டோவில் வளர்கிறார்கள். கோடையில் இங்கே குன்னூரில் மாலை ஏழு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை. சனிக்கிழமைகளில் அந்த நேரத்தில் திரை வழியாக நம் மலைகளின் வரலாற்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். கையால் செய்துபார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது சின்னவன் போட்ட நிபந்தனை. அப்படி நடத்தியவற்றில் மூன்றை இங்கே எடை போடுகிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் பட்ட பாடு பிள்ளையின் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் உதகை வரை போன ரயில். கல்லார் தாண்டியதும் 12 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் சரிவு. 60 செ.மீ. பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. தூக்கி வைத்தால் அதே சரிவு வீட்டு மேசையில் வந்துவிடும். வழவழப்பான பிளாஸ்டிக் சக்கரம் அதில் திணறும். அடுத்து, பார்சல் அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரப்படுத்தி உரிக்க வேண்டும். உள்ளே நெளிநெளியாக ஓர் அட்டை இருக்கும். ஒரு பட்டையைப் பலகையிலும் இன்னொன்றைப் பாட்டில் மூடியைச் சுற்றியும் ஒட்டி, மூடியை உருட்டினால் பல்லோடு பல் கவ்வி ஏறுகிறது. நிஜப் பாதையில் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்தண்டுகள் உண்டு. இரண்டின் பற்களும் நேருக்கு நேர் இல்லாமல் சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால், ஒன்று பிடி விடும்போது மற்றது பிடித்திருக்கும். எஞ்சின் ஏன் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது என்று கேட்டேன். "கொக்கி அறுந்தால் பெட்டி உருண்டு ஓடிவிடுமே, மாமா" என்றாள் பெரியவள்.

ஆனால் இதில் எந்திரம் பேசுகிற அளவுக்கு மனிதர்கள் பேசுவதில்லை. பாறையை உடைத்தது யார் என்பதை நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

அடுத்தது தோடர் பூத்தையல். தோடர்கள் நீலகிரிப் பழங்குடியினர். இதற்குச் சணல் துணியும் சிவப்பு, கறுப்பு நூலும் போதும். கோலம் வரையாமல், துணியின் இழைகளை எண்ணித் தைப்பது அதன் நுட்பம். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிள்ளைகள் ஆசையாகத்தான் தைத்தார்கள். இருந்தும் இதை வரலாற்று வகுப்பில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்றும் உதகைப் பக்கத்து மந்துகளில், அதாவது தோடர் குடியிருப்புகளில், பெண்கள் தைத்து விற்கும் பொருளைப் பழங்காலச் சின்னம்போல் காட்டுவது சரியல்ல. கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தால் பிரமாதமாகப் பொருந்தும்.

என் ஓட்டு பழனி மலைக்கு. தாண்டிக்குடி, பெத்துப்பாறைப் பக்கங்களில் இருக்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளைக் குள்ளர் வீடு என்று சொல்பவர்கள் உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். பிள்ளைகளுக்கு நான்கு தரை ஓடுகளும் ஒரு தட்டு மணலும் வாங்கித் தரச் சொன்னேன். சுவர் நின்றது, மூடுகல்லை மேலே வைக்கப் போனபோதெல்லாம் சரிந்தது. கடைசியில் சின்னவன் உள்ளும் புறமும் மணலை நிரப்பி, அதையே சரிவாக்கி ஓட்டைத் தள்ளி ஏற்றினான். பிறகு மணலைத் தோண்டி எடுத்தான்.

"அவர்களும் இப்படித்தான் செய்தார்களா?"

"செய்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்ன கிடைக்க வேண்டும், சொல்."

அரை மணி நேரம் வாக்குவாதம். இது குடியிருந்த வீடா, இறந்தவர்களுக்கு எழுப்பியதா என்பதில் அடுத்த வகுப்பும் போயிற்று. மணலுக்குள் மண்பாண்டத் துண்டு, பாசிமணி, எலும்பு எது கிடைத்தால் எந்தப் பக்கம் சாயலாம் என்று பெரியவள் பட்டியல் போட்டாள். சாவுப் பேச்சு எதற்கு என்று அக்காதான் முகம் சுளித்தாள், பிள்ளைகள் சுளிக்கவில்லை.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் ரயிலே போதும். ஓடு காலில் விழுந்தால் வலிக்கும். அடுக்குமாடி வீட்டில் மணல் கொட்டும் என்று பயந்தால் பழைய போர்வையை விரித்துக்கொள்ளுங்கள். ரவையில் செய்துபார்த்தோம், ஓடு நிற்கவில்லை.