ஓடா சீற்றா, முதிரையா அலுமினியமா: திருகோணமலை உப்புக்காற்றில் எது நிலைக்கும்?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலை அண்டி வீடு கட்டுபவர்களுக்கு என் தெரிவு ஓட்டுக் கூரையும் முதிரை மர யன்னலும்தான். ஓடு பாரம், சீற் இலேசு, சீற்றுக்குக் கீழே வெக்கை, மழைக்குச் சத்தம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) சீற் வேண்டவே வேண்டாம். அறுக்கும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்குக் கேடு. மற்றவற்றுள் எது என்று முடிவெடுக்க வைப்பது கறள்.

இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை பெய்துவிடும். பிறகு படிகிற உப்பைக் கழுவ ஆளில்லை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். மழை நேரே படுகிற இடத்தை விட, தாழ்வாரத்தின் அடிப்பக்கமும் அதன் கீழுள்ள யன்னல் கம்பியும் முதலில் கறள் பிடிப்பது இதனால்தான்.

சிங்க்அலும் சீற் என்பது பூச்சுப் பூசிய உருக்குத் தகடு. அந்தப் பூச்சில் 55 வீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் நாகம் (சிங்க்). பூச்சு நல்லதுதான், பழுது தொடங்குவது அறுத்த ஓரத்திலும் ஸ்குறூத் துளையிலும். கிரைண்டரால் அறுத்தால் தெறிக்கிற இரும்புப்பொறி பூச்சில் ஒட்டி, கொஞ்ச நாளில் தவிட்டு நிறப் புள்ளியாகும். கத்தரியால்தான் வெட்ட வேண்டும், தூளை அன்றைக்கே கூட்டித் தள்ள வேண்டும். ஸ்குறூவின் றப்பர் வாசர் வெயிலில் வெடித்தால் துளை வழியே நீர் இறங்கும். ஸ்குறூக்களைப் பார்த்து மாற்றுவது வீடு உள்ளவரை தீராத வேலை.

சுட்ட மண் கறள் பிடிக்காது. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் புயலுக்குக் கட்டு வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம்தான் கரையேறியது. காற்று கூரையின் ஓரங்களையே முதலில் கிளப்பும். ஆகவே தாழ்வாரம், முகடு, பக்க ஓரம் மூன்றிலும் இரண்டு வரிசை ஓடுகளைச் செப்புக்கம்பியால் சிலாகையோடு கட்டுங்கள். செம்பைத் தொட்டு வடிகிற நீர் நாகப்பூச்சை அரிக்கும். பீலி பீவீசீயாக இருக்கட்டும்.

ஓட்டைப் பிரித்துக் கள்ளன் இறங்குவான் என்பது நியாயமான பயம். சீற்றின் ஸ்குறூவையும் வெளியே நின்று கழற்றலாம், அதை மறக்க வேண்டாம். சீலிங் அடிக்குமுன் கைமரத்தின் அடியில் நாகம் பூசிய வெல்ட்மெஷ் கம்பிவலை அடித்துவிடுங்கள். நகை, பத்திரம் வைக்கிற அறைக்கு மேலே மட்டும் கொங்கிறீற் பிளாட் போட்டால் இன்னும் நல்லது.

யன்னலில் அலுமினிய ஸ்லைடிங் பார்வைக்கு நேர்த்தி. தண்டவாளத்தில் மணல் சேர்ந்து வடிதுளை அடைபட்டால் வாடைமழை உள்ளே வரும். மேலே தடுப்புக்கட்டை வைக்காவிட்டால் கதவைத் தூக்கிக் கழற்றிவிடலாம். முதிரை நிலையில் 12 மில்லிமீற்றர் கம்பியை 4 அங்குல இடைவெளியில் கோத்தால் உடைப்பது பெரும்பாடு. அதன் பலவீனம், கம்பி மரத்துக்குள் நுழைகிற இடம். அங்கே நீர் தங்கினால் கறள் ஊதி மரத்தைப் பிளக்கும். கம்பியின் நுனிவரை கறள்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே கோக்க வேண்டும், அடிச்சட்டம் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். தனிக் கிறில் என்றால் முதலில் வெல்டிங், பிறகு நாகக் குளியல், அதாவது உருக்கிய நாகத்தில் முக்கி எடுப்பது. மாற்றிச் செய்தால் ஒட்டிய இடமெல்லாம் வெறும் இரும்பு. ஸ்ரெயின்லெஸ் வாங்குவதானால் 316 ரகம். 304 கடலோரத்தில் தேநீர் நிறத்தில் கறை பிடிக்கும். எதுவானாலும் மழையில்லாத மாதங்களில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

யூபீவீசீ (கெட்டிப் பிளாஸ்ரிக்) யன்னல் உப்புக்கு அசையாது. உள்ளிருக்கிற இரும்புச் சட்டமும் கொண்டிகளும் எத்தனை வருடம் தாங்கும் என்று இங்கே இன்னும் பார்க்கத்தான் வேண்டும். கன்னியா, தம்பலகாமம் போல உள்ளே தள்ளிக் கட்டுபவர்களுக்குச் சீற்றும் மோசமில்லை. அங்கே கறளை விடக் கறையானுக்குத்தான் நிலைகளைக் காக்க வேண்டியிருக்கும்.